19ஆம் கொத்தளத்தின் அடியில்: துரா யூரோபோஸ் சுரங்கத்தில் இறந்தவர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 256 வாக்கில் யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த ஒரு ரோமானிய எல்லைக் கோட்டையின் மதிலுக்கு அடியில், கையைத் தூக்கினால் கூரை இடிக்கும் ஒரு சுரங்கத்துக்குள், சுமார் இருபது ரோமானிய வீரர்கள் இறந்தார்கள். அவர்களை எதிர்த்து வந்த சசானியப் பாரசீக வீரர் ஒருவரும் அங்கேயே இறந்தார். இவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. இந்த முற்றுகையை விவரிக்கும் வரலாற்று நூல் எதுவும் கிடைக்கவில்லை, தெரிந்தது எல்லாம் மண்ணைத் தோண்டித் தெரிந்ததுதான். ஆனால் ஒரே குழியை, ஒரே எலும்புகளை, ஒரே கரிப்படலத்தை வைத்து முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கதைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது கதைக்கு வழிவிட்டது முதலாமவர் எழுதி வைத்த குறிப்புதான். தொல்லியலில் ஆர்வம் உள்ள யாரும் இந்த நிகழ்வை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இடமும் படையும்

ரோம் என்றாலே நமக்கு அரிக்கமேடு, மிளகு, பொற்காசு என்றுதான் மனம் போகும். அந்த வாணிப ரோமுக்கு வெளியே, நிலத்தில் கோடு கிழித்துக் காவல் நின்ற இன்னொரு ரோம் உண்டு. அதன் கிழக்கு விளிம்பில் இருந்த ஊர் துரா யூரோபோஸ். இன்றைய சிரியாவின் கிழக்கே, சாலிஹியே என்ற இடத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அலெக்சாண்டருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட கிரேக்க வழி அரசான செலூக்கிய அரசு கி.மு. 300 வாக்கில் நிறுவிய ஊர் இது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர் கைக்குப் போனது, கி.பி. 165 வாக்கில் ரோமப் பேரரசர் லூசியஸ் வேருஸ் காலத்துப் போரில் ரோமர் கைக்கு வந்தது.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னால் நடப்பதற்கெல்லாம் அதுதான் காரணம். கிழக்கே செங்குத்தாக இறங்கும் ஆற்றுக்கரை, வடக்கிலும் தெற்கிலும் ஆழமான ஓடைப்பள்ளங்கள். மேற்கே மட்டும் தட்டையான பாலைநிலம், தடையே கிடையாது. படை எடுத்து வருகிறவன் எவனாக இருந்தாலும் மேற்கு மதிலுக்குத்தான் வந்தாக வேண்டும். அந்த மதிலில் வரிசையாகக் கொத்தளங்கள், நடுவில் பால்மைரா நகரை நோக்கிய பெரிய வாயில். அகழாய்வாளர்கள் கொத்தளங்களுக்கு எண் கொடுத்தார்கள். நம்முடைய நிகழ்வு, வாயிலுக்கு வடக்கே உள்ள 19ஆம் எண் கொத்தளத்துக்குக் கீழே.

ஊரின் வடபகுதியை ரோமானியப் படை தனக்கென்று எடுத்துக்கொண்டு, நடுவே மண்செங்கல் சுவர் எழுப்பி, முகாமாக மாற்றியிருந்தது. பால்மைராவில் திரட்டப்பட்ட இருபதாம் துணைப்படை இங்கே நிலைகொண்டிருந்தது, லெகியன்கள் எனப்படும் ரோமின் முதன்மைப் படைப்பிரிவுகளிலிருந்து பிரித்து அனுப்பிய அணிகளும் இருந்தன. பாலைவனத்தின் வறட்சி புண்ணியத்தில் அந்தப் படையின் அலுவலகக் காகிதங்கள், அதாவது பாப்பிரஸ் ஆவணங்கள், பிழைத்துக் கிடந்தன. 219, 222 ஆகிய ஆண்டுகளின் படைப்பட்டியல்களில் வீரர்களின் பெயர்கள் பத்தி பத்தியாக இருக்கின்றன. யார் எந்தக் காவலில், யார் எந்த வேலையாக வெளியே போயிருக்கிறார் என்பது வரை குறித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் சுரங்கத்தில் செத்த இருபது பேர் மட்டும் பெயரில்லாமல் போனார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதை உறுத்தும்.

224இல் பார்த்தியரை வீழ்த்தி சசானியர் பாரசீகத்தில் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களின் இரண்டாம் அரசர் முதலாம் ஷாபூர் ரோமுடன் திரும்பத் திரும்ப மோதினார். 250களில் துராவில் இருந்தவர்களுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பதில் பெரிய சந்தேகம் இருந்திருக்காது.

முற்றுகைக்கு முன் எடுத்த முடிவு

கோட்டையைக் காத்தவர்கள் எடுத்த முதல் பெரிய முடிவு மதிலைத் தடிப்பாக்குவது. மதிலின் உட்புறத்தை ஒட்டி ஒரு தெரு ஓடியது. அந்தத் தெருவையும் அதன் ஓரத்து வீடுகளையும் மண்ணால் நிரப்பி, மதிலுக்கு முட்டுக்கொடுக்கும் ஒரு பெரிய மண் அணையை எழுப்பினார்கள். வெளிப்புறத்திலும் மண்செங்கல்லால் சாய்வாக ஒரு அணைப்பு. ஆட்டுக்கடா பொறி வந்து இடித்தால் தாங்க வேண்டும், அடியில் தோண்டினால் சாயாமல் நிற்க வேண்டும், இரண்டும்தான் நோக்கம்.

இதற்காக ஊர் கொடுத்த விலை சாதாரணமில்லை. புதைந்த கட்டிடங்களில் ஒன்று 244-245இல் கட்டி முடித்த யூதர் வழிபாட்டுக்கூடம். சுவர் முழுக்கப் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் வரைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கொஞ்சம் தள்ளி, வீட்டையே மாற்றி அமைத்த ஒரு கிறிஸ்தவ வழிபாட்டிடம், இன்று நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அதுவும் மண்ணுக்குள் போனது. அந்த மண்தான் ஓவியங்களைக் காப்பாற்றி 1930களில் நம் கையில் கொடுத்தது, கூடத்தின் ஓவியங்கள் இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் முடிவெடுத்தவர்கள் முன்னால் இருந்தது ஓவியம் அல்ல, மதில். வழிபாட்டுக்கூடத்தை மூடச் சொன்ன அதிகாரிக்கும், அதைக் கேட்ட ஊர்ப் பெரியவர்களுக்கும் அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். போர்க்கண்ணோடு பார்த்தால் முடிவு சரி. அது எவ்வளவு சரி என்பது 19ஆம் கொத்தளத்தில் தெரிந்தது.

சுரங்கமும் எதிர்ச்சுரங்கமும்

நம் புறத்திணை வழக்கில் சொன்னால் சசானியர் உழிஞை, ரோமர் நொச்சி. சசானியர் ஒரே இடத்தை நம்பியிருக்கவில்லை. தெற்கு மூலையில் 14ஆம் கொத்தளத்தை நோக்கி ஒரு சுரங்கம், அந்தப் பக்கத்திலேயே மதிலின் மேல் ஏறிவர ஒரு பெரிய சாய்தளம், வடக்கே 19ஆம் கொத்தளத்தை நோக்கி இன்னொரு சுரங்கம்.

மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது என்றால் உள்ளே புகுந்து ஊருக்குள் எழுந்து வருவதற்கு மட்டும் அல்ல. அடித்தளத்துக்குக் கீழே மண்ணை எடுத்துவிட்டு, மதிலின் பாரத்தை மரக்கால்களில் நிறுத்துவார்கள். வேலை முடிந்ததும் அந்த மரங்களுக்குத் தீ வைப்பார்கள். மரம் எரிந்து விழும்போது மதிலும் சேர்ந்து இறங்கும், திறந்த வழியில் காத்திருக்கும் படை பாயும். 19ஆம் கொத்தளத்தையும் அதை ஒட்டிய மதில் பகுதியையும் இப்படி வீழ்த்துவதுதான் திட்டம்.

உள்ளே இருந்தவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். வெளியே உயரும் மண்குவியலோ, மண்ணுக்குள் கேட்ட தட்டலோ காட்டிக்கொடுத்திருக்கும். அவர்கள் எடுத்த முடிவு எதிர்ச்சுரங்கம்: மதிலின் உட்புறத்திலிருந்து தாங்களும் தோண்டிப் போய், சசானியரின் சுரங்கத்தில் உடைத்து நுழைந்து, அவர்களை அடித்து விரட்டுவது. வேறு வழி என்ன இருந்தது? சும்மா இருந்தால் மதில் போகும். வெளியே போய்ச் சண்டையிட்டால் எதிரியின் முழுப் படை நிற்கிறது. எதிர்ச்சுரங்கம் அந்தக் காலத்துப் போர்க்கலையில் எழுதியே வைத்திருந்த பதில்தான், அதனால் இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

அவர்கள் தோண்டிய வழி சுமார் 11 மீட்டர் நீளம், உயரமும் அகலமும் 2 மீட்டருக்கும் குறைவு. அது சசானியரின் சுரங்கத்தைவிட மேல்மட்டத்தில் இருந்தது, அதாவது ரோமர் மேலிருந்து கீழே உடைத்து இறங்கும்படி அமைந்தது. பார்ப்பதற்கு மேலே இருப்பவனுக்குச் சாதகம் போலத்தான் தெரியும். இந்த உயர வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகளும் சந்தித்தன. ரோமானிய வீரர்கள் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கோட்டைக்கு நடந்தது

எதிர்ச்சுரங்கம் தீ வைத்து அடைக்கப்பட்டது. சசானியர் தங்கள் வேலையைத் தொடர்ந்து, கொத்தளத்துக்கு அடியில் இருந்த மரங்களைக் கொளுத்தினார்கள். கொத்தளமும் மதிலும் இறங்கின. ஆனால் சாயவில்லை! இரு பக்கமும் கட்டியிருந்த மண் அணைப்புகள் பிடித்துக்கொண்டதால் நின்ற நிலையிலேயே கீழே அமர்ந்தன. உள்ளே பாய ஒரு வழியும் திறக்கவில்லை. அத்தனை உயிர்களை எடுத்த சுரங்கம் அதன் நோக்கத்தில் தோற்றுப்போனது. கொத்தளத்தின் இடிபாட்டுக்குள் அன்றைக்கு மாட்டிக்கொண்ட பொருட்கள் பின்னால் வெளிவந்தன: வண்ணம் தீட்டிய வளைந்த நீள்செவ்வக ரோமானியக் கேடயம் ஒன்று, குதிரைக்குப் போர்த்தும் செதில் கவசங்கள். அந்த வகைக் கேடயத்தில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது உலகத்திலேயே இது ஒன்றுதான்.

ஆனாலும் ஊர் தப்பவில்லை. சசானியர் எப்படியோ உள்ளே வந்தார்கள். முகாமின் சுவர் ஓரத்தில், எறிபொறிக்குப் போடுவதற்குத் தயாராக அடுக்கிய அம்புமுனைகள் வரிசையாக அப்படியே கிடந்தன, தெருவுக்குள் நடந்த கடைசிச் சண்டையின் அடையாளமாக அதைப் பார்க்கிறார்கள். பிழைத்தவர்கள் சிறைப்பட்டுக் கொண்டுபோகப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் அந்த ஊரில் யாரும் பெரிதாகக் குடியேறவில்லை. 363இல் ரோமப் பேரரசர் ஜூலியனின் படை அந்தப் பக்கமாகப் போனபோது அது ஆளில்லாத ஊர்.

1930களில் கண்டது

1920இல் பிரிட்டிஷ் படையினர் அந்த இடிபாட்டில் பதுங்குகுழி வெட்டும்போது தற்செயலாகச் சுவரோவியங்கள் தெரிந்தன. அதன்பின் பிரெஞ்சு அறிஞர் ஃப்ரான்ஸ் க்யூமோன் தோண்டினார், 1928 முதல் 1937 வரை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுக் கல்வெட்டியல் அகாதமியும் சேர்ந்து பெரிய அளவில் அகழாய்வு நடத்தின. கொத்தளச் சுரங்கங்களைத் தோண்டும் பொறுப்பு ரொபேர் டு மெனில் டு புய்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரருக்கு வந்தது. சரிந்து மூடிய சுரங்கத்தை மறுபடி திறப்பது ஆபத்தான வேலை. அவர் அதைச் செய்ததோடு, பார்த்ததையெல்லாம் வரைந்தும் எழுதியும் வைத்தார். இந்த நிகழ்வு ஆய்வு சாத்தியமானதற்கு அவர்தான் காரணம்.

அவர் கண்டது இதுதான்.

எதிர்ச்சுரங்கத்துக்குள் ரோமானிய வீரர்களின் எலும்புக்கூடுகள் பரவலாகக் கிடக்கவில்லை, ஒரு குவியலாகக் கிடந்தன. சுமார் இருபது பேர், உடம்பில் கவசம், பக்கத்தில் ஆயுதங்கள், கேடயங்கள். சிலரிடம் காசுகள் இருந்தன, அவற்றில் கடைசியானவை 256ஐ ஒட்டியவை. முற்றுகைக்கு ஆண்டு சொல்ல முடிவது இந்தக் காசுகளால்தான். செத்தவர்களின் மடியில் இருந்த சம்பளக் காசு கோட்டையின் கடைசி ஆண்டைச் சொல்கிறது.

குவியலிலிருந்து தள்ளி, தனியாக ஒருவர். அவர் சசானிய வீரர். பக்கத்தில் இரண்டு பாதிகளை நடுவில் ஒரு விளிம்பால் சேர்த்துச் செய்த இரும்புத் தலைக்கவசம், ஒரு நீண்ட வாள், அதன் பிடியின் முனையில் ஜேட் கல்லில் செய்த வட்டு. இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை போன்ற கவசம் அவர் உடம்பில் இருந்தது, ஆனால் அது மார்புக்கு மேலே சுருண்டு ஏறியிருந்தது. சாகும் நேரத்தில் அதைத் தலைவழியே கழற்ற முயன்றிருக்கிறார். வெட்டுப்பட்டவன் கவசத்தைக் கழற்றுவானா, மூச்சுக்குத் திணறுகிறவன் கழற்றுவானா? இந்த ஒரு விவரத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

மூன்றாவதாக, எரிந்த தடயத்தோடு நிலக்கீலின் மிச்சமும், மஞ்சள் கந்தகப் படிகங்களும். டு மெனில் இவற்றையும் பார்த்தார், எழுதியும் வைத்தார்.

முதல் விளக்கம்

டு மெனில் சொன்ன கதை இது. இரண்டு படையும் சுரங்கத்துக்குள் மோதின, சசானியரின் கை ஓங்கியது. உள்ளே ரோமர்கள் பின்வாங்கி ஓடிவர, எதிரி பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடுவான் என்ற பயத்தில் வெளியே நின்ற ரோமர்களே வாயை அடைத்துவிட்டார்கள். தங்கள் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே. மாட்டிக்கொண்டவர்கள் வாயருகே நெருக்கியடித்துச் செத்தார்கள், சசானியர் நிலக்கீலும் கந்தகமும் போட்டுச் சுரங்கத்தைக் கொளுத்தினார்கள். கந்தகமும் நிலக்கீலும் அவருக்குத் தீமூட்டும் பொருட்கள், அவ்வளவுதான்.

இது அறிவுக்கு ஒவ்வாத கதை இல்லை. முதல் உலகப்போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலம், சுரங்கப்போரையும் நச்சுவாயுவையும் பிரெஞ்சு மண் நேரடியாக அனுபவித்திருந்தது. அப்படியிருந்தும் புகையைக் கொலைக்கருவியாக அவர் நினைக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. இந்தக் கதை சுமார் எழுபது ஆண்டு நின்றது.

இரண்டாவது விளக்கம்

துராவின் ஆயுதங்களையும் கவசங்களையும் பல ஆண்டுகள் எடுத்து ஆராய்ந்தவர் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் ஜேம்ஸ். பழைய வரைபடங்களையும் குறிப்புகளையும் வைத்து அந்தச் சுரங்கத்தை மறுபடி மனதில் கட்டிப் பார்த்தார். 2009 ஜனவரியில் அமெரிக்கத் தொல்லியல் கழகத்தின் கூட்டத்தில் தன் முடிவைச் சொன்னார், 2011இல் விரிவான கட்டுரையாக வந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி இடத்தைப் பற்றியது. 2 மீட்டருக்கும் குறைவான அகலமும் உயரமும் உள்ள வழியில் வாளும் கேடயமும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் ஒரே நேரத்தில் சண்டை போட முடியும்? முன்னால் ஒருவர், மிஞ்சினால் இருவர். முன்னால் நிற்பவர் விழுந்தால் பின்னால் இருப்பவர் ஓடிவிடலாம், வெளியேறும் வாய் 11 மீட்டருக்குள் இருக்கிறது. அப்படியிருக்க இருபது பேரும் வெட்டுப்பட்டே செத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை.

இரண்டாவது, குவியலின் அமைப்பு. உடல்கள் கிடந்த விதத்தைப் பார்த்தால் நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்த மாதிரி இல்லை, யாரோ இழுத்து வந்து அடுக்கிய மாதிரி இருந்தது. எதிர்ச்சுரங்கத்தின் வாய்ப்பக்கம், உடல்களாலும் கேடயங்களாலும் ஒரு சுவர். ஊருக்குள்ளிருந்து ரோமர் இரண்டாவது அணி வந்தால் தடுப்பதற்கு, தீ வைக்கும் வரை நேரம் வாங்குவதற்கு. அடுக்கியவர்கள் சசானியர்.

மூன்றாவது, கந்தகமும் நிலக்கீலும். இரண்டையும் நெருப்பில் போட்டால் கந்தக டை ஆக்சைடு கிளம்பும். அது கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். இங்கேதான் அந்த உயர வேறுபாடு வருகிறது. சசானியரின் சுரங்கம் கீழே, ரோமரின் வழி மேலே. சூடான புகை மேலேதான் போகும். ரோமர்கள் உடைத்துத் திறந்த ஓட்டை அவர்களின் சொந்த வழியைப் புகைபோக்கியாக்கிவிட்டது. ரோமர் தோண்டுவது கேட்டதும் சசானியர் நெருப்புச் சட்டியைத் தயாராக வைத்திருந்து, சுவர் உடைந்த நொடியில் பொருட்களைப் போட்டு, துருத்தியால் ஊதி மேலே தள்ளினார்கள் என்பது ஜேம்ஸின் கருத்து. நொடிகளில் மயக்கம், நிமிடங்களில் சாவு. தனியாகக் கிடந்த சசானியர் தீயை மூட்டிவிட்டு வெளியேறத் தாமதித்தவராக இருக்கலாம்.

பொருள் கிடைக்குமா என்ற கேள்வியே இல்லை. துராவுக்குக் கீழே, அதே ஆற்றின் கரையில் உள்ள ஹீத் நிலக்கீல் ஊற்றுகளுக்குப் பழங்காலத்திலிருந்தே பேர்போன ஊர். முறையும் புதிதில்லை. கி.மு. 429இல் கிரேக்க நகரமான பிளாட்டையாவின் முற்றுகையில் மரக்குவியலில் கந்தகமும் கீலும் போட்டுக் கொளுத்தினார்கள். கி.மு. 189இல் இன்னொரு கிரேக்க நகரமான அம்ப்ராக்கியாவில் சுரங்கம் தோண்டி வந்த ரோமர்களை, பெரிய ஜாடியில் இறகுகளை எரித்துத் துருத்தியால் புகை ஊதி விரட்டினார்கள். ரோமர்களுக்கே முன்பு நடந்த ஒன்று.

எவ்வளவு தூரம் நம்பலாம்

இங்கே என் மதிப்பீட்டைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இதை "உலகின் முதல் ரசாயனப் போர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதலாவது என்பதே தவறு, மேலே சொன்ன கிரேக்க உதாரணங்கள் பல நூற்றாண்டு மூத்தவை. உடல்தடயத்தோடு கிடைத்தவற்றில் மிகப் பழமையானது என்றால் சரி.

உடல்களை அடுக்கியது சசானியர் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். குவியலின் இடமும் வடிவமும் வேறு எதற்கும் பொருந்தவில்லை. புகையால் இறந்தார்கள் என்பது மிகவும் வலுவான ஊகம். துருத்தி இருந்தது என்பது அடுத்த படி ஊகம், துருத்தி எதுவும் அங்கே கிடைக்கவில்லை. புகை தானாகவே மேலே ஏறும் அமைப்பில் அது கட்டாயத் தேவையும் இல்லை.

எதிர்வாதமும் இருக்கிறது. கந்தகம் சுரங்கத்தைக் கொளுத்தும்போது மட்டும் பயன்பட்டிருக்கலாம், உடல்கள் அதற்கு முன்பே விழுந்திருக்கலாம். சரி, அப்படி என்றால் ஒருவர் பின் ஒருவராக இருபது பேர் எப்படி விழுந்தார்கள்? நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறப்பவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சுரங்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது. முதலில் ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மூன்றாமவர். சுரங்கத்திலும் முன்னால் போனவர்கள் விழுந்தது பின்னால் இருந்தவர்களுக்கு இருட்டில் தெரிந்திருக்காது, தெரிந்தவர்கள் இழுக்கப் போயிருப்பார்கள். கந்தகமே இல்லாவிட்டாலும் மூடிய இடத்தில் எரியும் நெருப்பின் கார்பன் மோனாக்சைடு போதும். வாள்சண்டையைவிட இது அந்த எண்ணிக்கைக்கும் அந்த இடத்துக்கும் பொருந்துகிறது.

இன்னொன்றும் மாறிவிடுகிறது. டு மெனிலின் கதையில் ரோமர்கள் தங்கள் ஆட்களை உள்ளே வைத்து அடைத்தவர்கள். ஜேம்ஸின் கதையில் அந்தப் பழி விழுவதற்கு இடமே இல்லை. வெளியே நின்றவர்கள் பார்த்தது தங்கள் சுரங்கத்தின் வாயிலிருந்து பொங்கி வந்த புகையை, கேட்டது உள்ளே இருந்தவர்களின் அலறலை. பெயர் தெரியாதவர்கள்தான், ஆனாலும் துரோகம் என்று எழுபது ஆண்டு அவர்கள் மேல் எழுதி வைத்திருந்ததைத் துடைப்பது சின்ன விஷயம் இல்லை.

இன்று என்றால் என்ன மாறும்

ஒரு அகழாய்வு மாணவர் இந்த நிகழ்வில் முதலில் பார்க்க வேண்டியது டு மெனிலின் ஒழுங்கை. "கந்தகம் தீமூட்டப் பயன்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அவரோடு கதை முடிந்திருக்கும். "இங்கே கந்தகப் படிகங்கள் உள்ளன", "இங்கே நிலக்கீல் உள்ளது", "உடல்கள் இந்த நிலையில் உள்ளன" என்று கண்டதைத் தனியாகவும், நினைத்ததைத் தனியாகவும் பதிந்தார். அவர் முடிவு தவறாகப் போனபோதும் பதிவு நின்றது. களக்குறிப்பேட்டில் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, அதை விட்டாக வேண்டும்.

இன்று அந்தக் குவியலைத் திறந்தால் ஒவ்வொரு எலும்பின் இருப்பிடமும் முப்பரிமாணப் படமாகப் பதிவாகும். வெட்டுக்காயத் தடம் இருக்கிறதா என்று உடற்கூறு வல்லுநர் எலும்பு எலும்பாகப் பார்ப்பார். வெட்டே இல்லாத இருபது எலும்புக்கூடுகள் கிடைத்தால் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். மண்மாதிரியைக் குவியலுக்குள்ளிருந்தும், வெளியிலிருந்தும், சசானியர் சுரங்கத்திலிருந்தும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுவார்கள்.

ஆனால் அந்த இடத்துக்கே போய் மறுபடி தோண்டுவது சுலபம் இல்லை. 2011இல் சிரியப் போர் தொடங்கிய பிறகு துராவைப் புதையல் திருடர்கள் சூறையாடினார்கள், மதிலுக்கு உள்ளே பெரும்பகுதி குழிகளாகக் கிடப்பதை 2014இன் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஆகவே அருங்காட்சியகங்களில் இருப்பதுதான் கையிருப்பு. அந்தச் சசானிய வீரரின் தலைக்கவசமும் மற்ற பல ஆயுதங்களும் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. துருவில் ஒட்டியிருக்கும் படலத்தைச் சோதிக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு எச்சரிக்கை மட்டும்: துராவின் மதிலும் பாறையும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். அந்த ஊர் மண்ணைத் தொட்ட எதிலும் கந்தகச் சேர்மம் இருக்கத்தான் செய்யும். தேட வேண்டியது தனிமக் கந்தகத்தை, அதுவும் நிலக்கீலோடு சேர்ந்த நிலையில். அது இரும்பு வளையங்களுக்கு இடையே இன்னும் மாட்டிக்கொண்டிருந்தால், கவசத்தைக் கழற்ற முயன்ற அந்த மனிதர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பதை நேரடியாகக் கேட்க முடியும்.